அடைமொழியும் கையெழுத்தும்: ஜான் கிளேர் என்ற கூலிக் கவிஞர்



ஆங்கில இலக்கியத்தில் ரொமாண்டிக் காலம் என்றதும் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஆறு பெயர்கள் நினைவுக்கு வரும்: பிளேக், வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், பைரன், ஷெல்லி, கீட்ஸ். ஏறத்தாழ 1780களில் தொடங்கி 1830களில் முடிந்த அந்த அரை நூற்றாண்டின் பாதிப்பு இன்றும் ஓயவில்லை. கவிஞன் தனித்த ஆன்மா, இயற்கை மனதுக்கு மருந்து, கவிதை உள்ளத்திலிருந்து தானாகப் பொங்குவது என்று நாம் இயல்பாக நம்பிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி அவர்கள் விட்டுச்சென்றது. தமிழுக்கும் அது நேராகவே வந்து சேர்ந்தது. பாரதி ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டு எழுதியவர்.

இன்று நான் பேசப்போவது அதே காலத்தில் எழுதி, அந்த ஆறு பேர் பட்டியலில் இடம்பெறாத ஒருவரைப் பற்றி. ஜான் கிளேர், 1793இல் பிறந்தவர், 1864இல் இறந்தவர். நிலமற்ற விவசாயக் கூலி. ஒடுக்கப்பட்ட ஒருவர் எழுத வரும்போது, அவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறவர்களே என்னென்ன நிபந்தனைகள் விதிக்கிறார்கள் என்பதை அவர் வாழ்க்கையில் ஆவணங்களோடு பார்க்க முடிகிறது. கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன, கடிதங்கள் இருக்கின்றன, அச்சான நூல்களும் இருக்கின்றன. மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தால் நடந்தது என்ன என்று தெரிந்துவிடும்.

ஒரு முன்னுரையின் நிபந்தனை

வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து 1798இல் ‘லிரிக்கல் பாலட்ஸ்’ தொகுப்பை வெளியிட்டார்கள். 1800ஆம் ஆண்டு தேதியிட்ட இரண்டாம் பதிப்புக்கு வேர்ட்ஸ்வொர்த் எழுதிய முன்னுரை ரொமாண்டிக் இயக்கத்தின் கொள்கை அறிக்கை போலவே படிக்கப்படுகிறது. எளிய கிராமத்து மக்களின் வாழ்க்கையே கவிதைக்கு உகந்த பொருள், அவர்கள் உண்மையில் பேசும் மொழியே கவிதைக்கு உகந்த மொழி என்று அது வாதிட்டது. அரண்மனை மொழியும் அலங்காரச் சொற்களும் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் இது பெரிய உடைப்பு. அதன் மதிப்பை நாம் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே முன்னுரையில், அந்த மக்கள் மொழியை அதன் குறைகளை நீக்கித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று வேர்ட்ஸ்வொர்த் ஓரிடத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். எது குறை என்று தீர்மானிப்பவர் யார்? பேசுகிற கூலிக்காரரா, கேட்டு எழுதுகிற கவிஞரா? கூலிக்காரர் கவிதைக்குப் பொருளாக இருக்கும்வரை இந்தக் கேள்வி எழவில்லை. அவரே பேனாவைக் கையில் எடுத்தபோது எழுந்தது.

கிளேருக்கு முன்பே அப்படிச் சிலர் வந்தார்கள். பிரிஸ்டல் நகரில் பால் விற்றுப் பிழைத்த ஆன் இயர்ஸ்லியின் கவிதை நூல் 1785இல் வெளியானது. அதற்குப் பணம் திரட்டிய எழுத்தாளர் ஹன்னா மோர், நூலில் கிடைத்த வருமானத்தை இயர்ஸ்லியின் கையில் கொடுக்காமல் அறக்கட்டளையாக்கித் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். இயர்ஸ்லி சண்டையிட்டுத்தான் அதை மீட்டார். நன்றி கெட்டவள் என்ற பெயரும் கிடைத்தது. ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் புகழ்பெற்றபோது, வானமே பாடம் சொல்லிக்கொடுத்த உழவன் என்று எடின்பரோவின் விமர்சகர் ஒருவர் பாராட்டினார். பர்ன்ஸ் நிறையப் படித்தவர். அந்தப் படிப்பை இந்தப் பாராட்டு மறைத்துவிட்டது.

ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில்

கிளேர் பிறந்தது நார்த்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் என்ற சிற்றூரில். அப்பா பார்க்கர் கிளேர் கதிரடிக்கும் கூலி. ஊரில் நாட்டுப்பாடல் பாடுவதில் பேர்பெற்றவர். அம்மாவுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. மெலிந்த உடம்புக்காரப் பையனுக்கு அப்பா எடை குறைந்த கதிரடிக்கும் கோல் ஒன்றைச் செய்து கொடுத்தார். வருடத்தில் சில மாதம் பள்ளிக்கூடம், மற்ற நாளெல்லாம் வேலை. பன்னிரண்டு வயதுக்குள் அதுவும் நின்றது.

பதிமூன்று வயதில் ஜேம்ஸ் தாம்சனின் ‘சீசன்ஸ்’ என்ற கவிதை நூலைக் கிழிந்த பிரதியாகப் பார்த்தார். காசு சேர்த்து, பக்கத்து நகரமான ஸ்டாம்ஃபோர்டுக்கு நடந்துபோய் அதை வாங்கினார். திரும்பும் வழியில் ஒரு பிரபுவின் தோட்ட மதிலைத் தாண்டிக் குதித்து உள்ளே உட்கார்ந்து படித்தார். வேலை நாளில் ஒரு கூலிக்காரன் சாலையோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சம். எழுதத் தொடங்கிய பிறகு தன் கவிதைகளை வேறு யாரோ எழுதியவை என்று சொல்லிப் பெற்றோருக்குப் படித்துக் காட்டி, அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே பிடித்துப்போகிறது என்று கவனித்துத் திருத்திக்கொண்டார். வயல்வேலையின் நடுவே தொப்பியைப் பலகையாக வைத்து எழுதினார். தோட்டவேலை, சாராயக்கடை எடுபிடி, சுண்ணாம்புக் காளவாய் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார்.

அவருடைய பதினாறாம் வயதில், 1809இல், ஹெல்ப்ஸ்டனுக்கும் அண்டை ஊர்களுக்குமான வேலியடைப்புச் சட்டம் நிறைவேறியது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதுவரை அந்த ஊர்களில் திறந்தவெளி வயல்களும் மேய்ச்சல் தரைகளும் புதர்க்காடுகளும் இருந்தன. காகிதத்தில் யாருக்குச் சொந்தமானாலும், மாடு மேய்க்கவும் வாத்து வளர்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைகளுக்கு வழக்கத்தின் பேரில் இடம் இருந்தது. வேலியடைப்பு அந்த நிலத்தை அளந்து, பிரித்து, தனித்தனி உடைமையாக்கியது. சட்டப்படி உரிமையை நிரூபிக்க முடிந்தவர்களுக்கு ஈடு கிடைத்தது. நம் ஊர் மொழியில் சொன்னால், பட்டா வைத்திருந்தவருக்குப் பங்கு, அனுபவத்தில் மட்டும் இருந்தவருக்கு ஒன்றுமில்லை. 1604 முதல் 1914 வரை இங்கிலாந்தில் இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் கீழ் வந்த நிலம் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் இதை வர்க்கக் கொள்ளை என்றே வகைப்படுத்தினார்.

கிளேர் இதை வெளியிலிருந்து பார்த்தவர் அல்ல. வேறு வேலை இல்லாதபோது வேலி போடும் கூட்டத்திலும் கூலிக்குப் போனார். தன் ஊரின் வழிகளை அடைக்கிற வேலையைத் தன் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. பிற்காலத்தில் ‘தி லமென்ட் ஆஃப் சுவார்டி வெல்’ என்ற கவிதையில் ஒரு நிலத்தையே பேசவைத்தார். கல் தோண்டப்பட்டு, மரம் வெட்டப்பட்டு, ஊர்ப் பொறுப்பாளர்களின் தயவில் வாழவேண்டிய ஓர் ஏழையைப்போல அந்த நிலம் தன் கதையைச் சொல்கிறது. நிலத்தையும் கூலியையும் ஒரே சட்டம்தான் அநாதையாக்கியது என்பது கிளேருக்குத் தெரிந்திருந்தது.

அடைமொழி

1820 ஜனவரியில் கிளேரின் முதல் தொகுப்பு லண்டனில் வெளியானது. வெளியிட்டவர் கீட்ஸின் பதிப்பாளரான ஜான் டெய்லர். நூலின் முகப்பில் கிளேரின் பெயரோடு ‘நார்த்தாம்ப்டன்ஷயர் பெசன்ட்’ என்று அச்சிட்டிருந்தார்கள். ‘பெசன்ட்’ என்ற சொல்லை விவசாயி என்றோ குடியானவர் என்றோ தமிழில் போட்டால் பொருள் மாறிவிடும். நமக்குக் குடியானவர் என்றால் நிலம் உள்ளவர். கிளேருக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம்கூட இல்லை. ஊரும் வறுமையும் வியப்பும் கலந்த விளம்பரச் சொல் அது.

விளம்பரம் பலித்தது. ஓராண்டில் நான்கு பதிப்புகள், 3,000 பிரதிகளுக்கு மேல் விற்பனை. கீட்ஸுக்குத் தன் வாழ்நாளில் இது வாய்க்கவில்லை. லண்டன் பத்திரிகை விருந்துகளில் லாம், ஹாஸ்லிட் ஆகியோரோடு கிளேர் உட்கார்ந்தார். அவருடைய பச்சை நிறக் கோட்டைப் பற்றி அங்கே பேச்சு அடிபட்டது. ஊரில் இருக்கும்போது, கவிஞனைப் பார்க்க வேண்டும் என்று கனவான்கள் வண்டியில் வந்து இறங்குவார்கள். வயலில் நிற்பவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவருக்கு அன்றைய கூலி போய்விடும். பிரபுக்களின் மாளிகைக்கு அழைப்பு வந்தது. மேல்மாடியில் கவிதையைப் பாராட்டுவார்கள். சாப்பாடு மட்டும் வேலைக்காரர் கூடத்தில். இதைக் கிளேரே எழுதி வைத்திருக்கிறார்.

அடைமொழி கதவைத் திறந்தது. அந்தக் கதவு ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத்தான் வெட்டப்பட்டிருந்தது. கூலிக்காரர் கவிதை எழுதுவது அதிசயம் என்று வாங்கியவர்கள், அதிசயம் பழகிப்போனதும் விலகிக்கொண்டார்கள். அடுத்தடுத்து 1821, 1827, 1835இல் வந்த நூல்கள் முதல் நூலைவிடத் தேர்ந்தவை. அவற்றுக்கு முதல் நூலின் வரவேற்பு இல்லை.

திருத்திய கை

கிளேர் நிறுத்தக்குறி இட்டு எழுதியவர் அல்லர். ஊர்ப்பேச்சின் சொற்களை அப்படியே எழுதினார். நத்தை ஓட்டுக்கு ‘பூட்டி’, தண்ணீர் உறையத் தொடங்குவதற்கு ‘கிரிசில்’ என்று அவர் பயன்படுத்திய சொற்கள் லண்டன் வாசகருக்குப் புரியாதவை. இலக்கணம் கல்வியில் செய்வது அரசாட்சியில் கொடுங்கோன்மை செய்வதைப் போன்றது என்ற பொருளில் கடிதம் ஒன்றில் எழுதினார்.

டெய்லரை வில்லனாக்குவது எளிது. நியாயமல்ல. அவர் இல்லையென்றால் கிளேர் அச்சேறியிருக்க மாட்டார். முதல் நூலில் வட்டாரச் சொற்களுக்கு அகராதி சேர்த்தவர் அவர்தான். நிறுத்தக்குறி இட்டுத்தருமாறு கிளேரும் அவரைக் கேட்டிருக்கிறார். ஆனால் 1827இல் வந்த ‘தி ஷெப்பர்ட்ஸ் காலண்டர்’ நூலின் கையெழுத்துப் பிரதியில் ஏறக்குறைய பாதியை டெய்லர் வெட்டினார். வெட்டுப்பட்டவற்றில் ஊர்மக்களின் வேலையும் வேடிக்கையும் நிறைய இருந்தன. கிளேர் எழுதிய வடிவம் 1964இல்தான் அச்சில் வந்தது. 137 ஆண்டுகள் வாசகர்கள் படித்தது குறை நீக்கப்பட்ட கிளேரை.

புரவலர்களின் கை இதைவிடக் கனமானது. ராட்ஸ்டாக் பிரபு கிளேருக்காக நிதி திரட்டியவர். முதல் நூலில், செல்வத்தின் பேராசை தன் ஊரைப் பாழாக்கியதைப் பற்றிய சில வரிகள் கலகக்காரரின் பேச்சாக அவருக்குத் தோன்றின. உதவி பெறுகிறவர் இப்படி எழுதலாமா என்று கேட்டார். அடுத்து வந்த பதிப்பில் அந்த வரிகள் இல்லை. கிளேர் கசப்போடு சம்மதித்தது கடிதங்களில் தெரிகிறது. திரட்டிய நிதியும் அறங்காவலர் வசம் இருந்தது. ஆண்டுதோறும் வட்டி வரும், முதலை அவர் தொட முடியாது. பதிப்பாளரிடம் பல ஆண்டுகள் கணக்குக் கேட்டு, 1829இல் கணக்கு வந்தபோது அவரே கடன்காரராக நின்றார்.

வேலியடைப்பைப் பற்றி அவர் எழுதிய மிகக் கூர்மையான கவிதை ‘தி மோர்ஸ்’. அவர் வாழ்நாளில் அது வெளியாகவே இல்லை.

காப்பகமும் கல்லறையும்

1832இல் கிளேரின் குடும்பம் ஹெல்ப்ஸ்டனிலிருந்து மூன்று மைல் தள்ளிய நார்த்பரோவுக்குக் குடிபெயர்ந்தது. வீடு பெரிது, உதவியாகக் கிடைத்தது. ஒவ்வொரு புதரையும் பறவைக் கூட்டையும் பெயர் சொல்லி அறிந்திருந்தவருக்கு அந்த மூன்று மைல் வேற்று நாடாக இருந்தது. கடன், பெரிய குடும்பம், நோய், விற்காத நூல்கள். மனநிலை குலைந்தது. 1837இல் லண்டன் அருகே எப்பிங் காட்டில் இருந்த மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். 1841 ஜூலையில் அங்கிருந்து வெளியேறி நான்கு நாட்களில் ஏறத்தாழ 80 மைல் நடந்து வீடு திரும்பினார். கையில் காசு இல்லை. பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றார். வந்து சேர்ந்ததும் அந்த நடைப்பயணத்தை எழுதிவைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் நார்த்தாம்ப்டன் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, 1864 மே 20இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அங்கும் எழுதினார். காப்பக ஊழியரான வில்லியம் நைட் அவற்றைப் பிரதியெடுத்துக் காப்பாற்றியதால்தான் நூற்றுக்கணக்கான கவிதைகள் நமக்குக் கிடைத்தன.

ஹெல்ப்ஸ்டனில் உள்ள அவருடைய கல்லறையின் ஒரு பக்கத்தில் ‘நார்த்தாம்ப்டன்ஷயர் பெசன்ட் கவிஞர்’ என்று பொறித்திருக்கிறார்கள். அடைமொழி செத்த பிறகும் விடவில்லை. இன்னொரு பக்கத்தில், கவிஞர் பிறக்கிறார், உருவாக்கப்படுவதில்லை என்ற முதுமொழி. தொப்பியின்மேல் காகிதம் வைத்து எழுதியதும், பெற்றோரிடம் படித்துக்காட்டித் திருத்தியதும், ஊமத்தனமாக இருந்த வார்த்தைகளைத் தட்டித்தட்டிப் பாட வைத்ததும் உழைப்பு. அந்த உழைப்பைப் பிறவி வரமாக்கியது ரொமாண்டிக் காலத்தின் மேதைமைக் கோட்பாடு.

தொடரும் பாதிப்பு

1920இல் எட்மண்ட் பிளண்டனும் ஆலன் போர்ட்டரும் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து எடுத்துத் தொகுத்த நூல் கிளேரை மறுபடி வாசிப்புக்குக் கொண்டுவந்தது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் அவருடைய கவிதைகளுக்கு இசையமைத்தார். எட்வர்ட் பாண்ட் 1975இல் அவரை மையமாக்கி ‘தி ஃபூல்’ என்ற நாடகம் எழுதினார். ரேமண்ட் வில்லியம்ஸ் கிராமமும் நகரமும் பற்றிய தன் 1973ஆம் ஆண்டு ஆய்வில் அவருக்கு முக்கிய இடம் தந்தார். ஊர்ப்பேச்சு வழியாகவே உலகக் கவிதைக்கு வர முடியும் என்பதற்கு அயர்லாந்தின் சீமஸ் ஹீனி கிளேரைச் சான்றாக எடுத்துக்கொண்டார். கரீபியக் கவிஞர் டெரெக் வால்காட், தன் தாயை நினைத்து எழுதிய ‘தி பவுண்டி’யில் கிளேரை அழைத்துவருகிறார். இருவருமே ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்ட மண்ணிலிருந்து, தங்கள் பேச்சு ‘குறை’ எனப்பட்டதை அறிந்து வந்தவர்கள்.

சூழலியல் எழுத்து இன்று கிளேரை முன்னோடி என்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அவர் எழுத்தில் உண்டு. வேர்ட்ஸ்வொர்த்திடம் இயற்கை மனிதருக்குப் பாடம் சொல்லும். கிளேரிடம் பறவை தன் கூட்டைக் காத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பார்ப்பவர் குனிந்து, மூச்சை அடக்கி நிற்பார். அவர் கவிதையில் பேசிய சுவார்டி வெல் இன்று பாதுகாக்கப்படும் இயற்கைச் சரணாலயம்.

ஓர் அடிக்குறிப்பும் சேர்க்க வேண்டும். 1965இல் ஒரு பேராசிரியர், கிளேரின் வெளியாகாத எழுத்துகளுக்கான உரிமையை ஒரு பவுண்டு கொடுத்து வாங்கினார். அதன் பேரில் பல பத்தாண்டுகள் மற்றப் பதிப்பாசிரியர்களிடம் அனுமதி கேட்கச் சொன்னார். வேலியடைப்பை எதிர்த்தவரின் எழுத்தைச் சுற்றியும் வேலி வந்தது.

நாம் எடுத்துக்கொள்வது

கிளேரை நம்மவராக்கும் அவசரம் வேண்டாம். வர்க்கம் வேறு, சாதி வேறு. அவருக்கு ஊர்க்கிணறு மறுக்கப்படவில்லை, கோயில் மறுக்கப்படவில்லை, தொட்டால் தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய வறுமைக்குப் பிறப்பிலேயே புனித நூலின் முத்திரை குத்தப்படவில்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு ஒப்பிட்டால் சாதியின் கொடுமையைக் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

ஆனால் எழுத்து உலகம் அவரிடம் நடந்துகொண்ட முறையில் நமக்குத் தெரிந்த முகங்கள் தெரிகின்றன. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது அதன் பேச்சுமொழி குறையாகப் பேசப்பட்டது. தலித் எழுத்தாளர் என்ற அடைமொழி நாமே கோரிப் பெற்ற அரசியல் பெயர். கிளேருக்கு மற்றவர் ஒட்டியது சந்தைப் பெயர். ஒரே சொல்லை நாம் சூட்டிக்கொள்ளும்போதும் பதிப்பகம் பின்னட்டையில் போடும்போதும் அது செய்யும் வேலை வேறாகிறது. இதில் விழிப்பாக இருக்க வேண்டும். ‘நன்றாக எழுதுகிறார், அரசியலைக் கொஞ்சம் குறைத்தால்’ என்று அன்போடு அறிவுரை வரும்போது ராட்ஸ்டாக் பிரபுவை நினைத்துக்கொள்ளலாம்.

மாணவர்களிடம் கேட்டுக்கொள்ள மூன்று விஷயங்கள் உண்டு. முதலாவது, கையெழுத்துப் பிரதியைத் தூக்கி எறியாதீர்கள். பதிப்பாசிரியர் திருத்தட்டும், திருத்தாத வடிவமும் எங்காவது இருக்கட்டும். இரண்டாவது, உங்கள் ஊரில் பாட்டிமாரிடம் இருக்கும் சொற்களைத் தொகுத்து வையுங்கள். ஆன் பேக்கர் என்ற பெண் 1854இல் வெளியிட்ட நார்த்தாம்ப்டன்ஷயர் சொல்லகராதிக்குக் கிளேரின் சொற்களே பெரும் உதவியாக இருந்தன. மூன்றாவது, ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடுங்கள், ஆண்டுதோறும் கணக்குக் கேளுங்கள். கேட்டால் நன்றி கெட்டவர் என்பார்கள். ஆன் இயர்ஸ்லியையும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் பணத்தை மீட்டு, பிரிஸ்டலில் வாடகை நூலகம் ஒன்றைத் திறந்தார்.

கிளேருக்கு மை வாங்கக் காசு இருக்காது. தானே மை காய்ச்சுவார். அந்த மை காகிதத்தை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. பீட்டர்பரோவிலும் நார்த்தாம்ப்டனிலும் பாதுகாக்கப்படும் அந்தத் தாள்களில் சில இடங்களில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது. ஆய்வாளர்கள் இன்றும் அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்களிலும் பெட்டிக்குள் இருக்கும் நோட்டுப் புத்தகங்கள் உண்டு. பாடகர்கள், இயக்கத் தோழர்கள், நம் அம்மாக்கள் எழுதி வைத்தவை. கரையானுக்கு முன்னால் நாம் அவற்றைப் போய் எடுத்துவர வேண்டும்.